நட்டும் போல்ட்டும் சொல்லும் ஜாதகம்

இறக்குவானையிலிருந்து மாதம்பைச் சந்திக்கு இறங்கி, கொடகவெலப் பக்கம் திரும்பும் பழைய ஜீப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கென்வஸ் கூரை, பின்னால் உரமூட்டை, போனட்டில் மூன்று தலைமுறைப் பெயின்ட். தேத்தண்ணிக் கடையில் நிற்பவர்களிடம் அது என்ன வண்டி என்று கேட்டால் ஒருவர் "வில்லிஸ்" என்பார். "எங்க, அது மஹிந்திரா" என்பார் மற்றவர். கராஜ் பாஸ் யாராவது பக்கத்தில் இருந்தால் தலையைக்கூடத் திருப்பமாட்டார். சத்தத்தை வைத்தே "4டிஆர்5" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்.

மூன்று பேரும் ஒரே குடும்பத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்தது வில்லிஸ் ஜீப். போர் முடிந்ததும் அதை விவசாயிகளுக்கு ஏற்ற வண்டியாக மாற்றி விற்றார்கள். 1953இல் வந்த சிஜே-3பி ரகத்தில் உயரமான எஞ்சின் வைத்ததால் போனட்டும் மேலே எழும்பியது. அந்த உயர்ந்த மூக்கு வடிவத்தை உரிமம் வாங்கி இந்தியாவில் மஹிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் செய்தன. அமெரிக்காவில் அந்த முகம் மறைந்து பல வருடம் ஆன பிறகும் மிட்சுபிஷி 1998 வரை தன் ஜீப்பைச் செய்துகொண்டே இருந்தது. அதில் வந்த 2,659 சிசி டீசல் எஞ்சினின் பெயர்தான் 4டிஆர்5. இலங்கையில் எஞ்சினின் பெயரே வண்டியின் பெயராகிவிட்டது.

ஆனால் சத்தத்தையும் முழுதாக நம்ப முடியாது. தோட்டப் பக்கத்து ஜீப்பில் எஞ்சின் மாறாமல் இருந்தால்தான் அதிசயம். வில்லிஸ் உடம்பில் ஜப்பான் டீசல் ஓடும், மஹிந்திரா செசியில் வேறெங்கோ வாங்கிய கியர்பெட்டி இருக்கும். முன்பக்கப் பெயர்ச் சின்னத்தைக் கழற்றி இன்னொன்றை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். அதனால் அரிய வண்டிகளை அடையாளம் காண்பவர்கள் பெயரைக் கடைசியாகத்தான் படிப்பார்கள். யாரும் மாற்ற மெனக்கெடாத பாகங்களிலிருந்து அவர்கள் தொடங்குவார்கள்.

போர்க்கால ஜீப்பே இதற்கு நல்ல பாடம். முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருந்தால் போர்க்கால வடிவம். ஏழு இருந்தால் போருக்குப் பின் வந்த பொதுமக்கள் வடிவம். ஒன்பது பிளவு உள்ளதிலும் இரண்டு வகை உண்டு. வில்லிஸ் ஒன்றால் மட்டும் இராணுவத்தின் தேவையை ஈடுகட்ட முடியாததால் ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்தவை 6 லட்சத்துக்கு மேல். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கிரில்லுக்குப் பின்னே குனிந்து, செசியின் முன் குறுக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தகரத் தொட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு நிறுவனம் தன் போல்ட்டுகளின் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. எண்பது வருடம் கழித்து, சேறு படிந்த ஒரு போல்ட்டைச் சுரண்டிப் பார்த்து வண்டி பிறந்த தொழிற்சாலையைச் சொல்ல முடிவது அதனால்தான்.

லேண்ட்ரோவருக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. சட்டைப்பையில் ஒரு காந்தம் போதும். அதன் வெளி உடம்புத் தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியக் கலவை, காந்தம் ஒட்டாது. அவற்றில் ஒட்டினால் அந்த இடத்தில் யாரோ இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். அடுத்தது முகவிளக்கு. 1960களின் கடைசி வரை இரண்டு விளக்கும் நடுவில் கிரில்லோடு நெருங்கி இருந்தன. பிறகு மட்கார்டுக்கு நகர்ந்தன. 1971இல் வந்த மூன்றாம் வரிசையில் கிரில்லே பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

மொரிஸ் மைனரைத் தெரியாத தோட்டம் இல்லை. துரைமார் ஓட்டி, பெரிய கிளாக்கர் வாங்கி, பிறகு டவுனில் வாடகைக்கு ஓடிய கார் அது. 1948இல் தொடங்கி 1971 வரை ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முன் கண்ணாடி நடுவில் பட்டையோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது, ஒரே கண்ணாடியாக இருந்தால் பிந்தியது. மிக ஆரம்பகால வண்டிகளில் முகவிளக்குகள் கிரில்லுக்குள்ளே தாழ்வாகக் கிடக்கும். அமெரிக்கச் சட்டத்துக்காக அவற்றை மேலே தூக்கினார்கள். தாழ்ந்த விளக்கு மைனர் இன்று எங்கே கிடைத்தாலும் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். பூசணிக்கொடி படர்ந்து கிடக்கும் ஒரு மைனரைப் பழைய இரும்புக்குத் தள்ளும் முன் விளக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பதில் நட்டமில்லை.

சரி, இலக்கத் தகடு சொல்லாதா? சொல்லும், ஆனால் கேட்ட கேள்விக்கு அல்ல. இலங்கைத் தகடுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை எடுத்து சிஇ, சிஎல், இஎல், இஒய் என்று கொடுத்த காலம் ஒன்று. பிறகு சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958இல் வடக்கில் அந்த எழுத்தின் மேல் தார் பூசிய போராட்டம் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லாத அரசியல் வரலாறு. அதற்குப் பின் வெறும் எண்களும் கோடும். 2000ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துகள். சப்ரகமுவ வண்டிகளுக்கு எஸ்ஜி வந்தது அப்போதுதான். இவை எல்லாம் வண்டி இந்த நாட்டின் பதிவேட்டில் ஏறிய காலத்தைத்தான் காட்டும். ஜப்பானில் சில வருடம் ஓடி, ரிகண்டிஷனாக வந்து இறங்கிய வேன், தகட்டுக் கணக்கில் தன் வயதைக் குறைத்துக் காட்டும்.

வயதுக்கும் பிறந்த இடத்துக்கும் சரியான சாட்சிகள் வேறு. கதவுக் கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் முத்திரை அதில் ஒன்று. எல்லாக் கண்ணாடியிலும் ஒரே முத்திரை இருந்து ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் எப்போதோ அடிபட்டிருக்கலாம். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அந்தப் பாகத்துக்கு அனுமதி கொடுத்த நாடு தெரியும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரித்தானியா, 43 ஜப்பான். முகவிளக்குக் கண்ணாடியில் லூகாஸ் என்றிருந்தால் பிரித்தானிய வழி, கொய்ட்டோ அல்லது ஸ்டான்லி என்றிருந்தால் ஜப்பானிய வழி. டயரின் பக்கவாட்டில் வரும் நான்கு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 1409 என்றால் 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். டயர் தேய்ந்தால் மாற்றப்படும் பொருள் என்பதால் அந்தச் சாட்சியத்தைத் தனியாக ஏற்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே செசி நம்பர். இந்த விஷயத்தில் இலங்கைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றே சொல்லலாம். வேறு நாடுகளில் கொரோலா என்பார்கள், இங்கே "121" என்பார்கள். சன்னி என்று சொன்னால் போதாது, எஃப்பி15ஆ என்று கேட்பார்கள். பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த இந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. என்இசட்இ121 என்றால் முதல் இரண்டு எழுத்து எஞ்சின் குடும்பம், 'ஈ' என்பது கொரோலாவுக்கு டொயோட்டா வைத்த எழுத்து, மிச்ச எண் தலைமுறையும் வகையும். எல்எச்113 என்றால் எல் வகை டீசல் எஞ்சின், எச் என்பது ஹையேஸ். நம் ஊரில் டொல்பின் என்று அழைக்கப்படும் அதே வேன். பெங்களூர்ப் பக்கம் போய் டொல்பின் என்றால் அங்கே வேறொன்றைக் காட்டுவார்கள். 1980களில் சிபானி என்ற நிறுவனம் பிரித்தானியாவின் ரிலையன்ட் கிட்டன் காரை அங்கே செய்து அந்தப் பெயரில் விற்றது. ஒரு பெயர், இரண்டு உருவம்.

ஒரு பெயரில் ஒரே உருவம் மாதிரியே தெரியும் இரண்டு வண்டிகள் அதைவிடத் தொல்லை. வெகன் ஆர் ஜப்பானிலிருந்தும் வந்திருக்கிறது, இந்தியாவிலிருந்தும் வந்திருக்கிறது. ஜப்பானியது அந்நாட்டின் சிறு கார் விதிக்கு அடங்கியது: 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. இந்திய வண்டி அதைவிடக் கொஞ்சம் பெரியது, எஞ்சினும் பெரியது. உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பெல்மதுளைக்கும் வீட்டுக்கும் இரண்டு நடை. செசி நம்பரைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஜப்பானின் உள்நாட்டு வண்டியில் எம்எச்55எஸ் என்பது போன்ற குறியீடும் அதன் பின் ஒரு தொடர் எண்ணும் இருக்கும். இந்திய வண்டியில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சர்வதேச முறை. எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி, எம்ஏடி என்றால் டாட்டா, எம்டி2 என்றால் பஜாஜ். அடுத்த முறை ஓட்டோவில் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த 17இல் ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது, ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால். வந்திருந்தால் யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள்.

இலங்கையில் பொருத்தப்பட்ட வண்டிகளிலும் இந்த இரட்டைப் பெயர் விளையாட்டு உண்டு. 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் மாஸ்டாவையும் ஃபியட்டையும் தன் பெயரோடு விற்றது. மைக்ரோ பாண்டா என்று தெருவில் ஓடுவது சீனாவின் ஜீலி பாண்டா. பின் விளக்குகளைப் பாருங்கள், பாண்டாக் கரடியின் பாதத் தடம் போலவே அமைத்திருப்பார்கள். பெயர் அழிந்தாலும் அந்தப் பாதம் காட்டிக்கொடுக்கும். டாட்டா நானோவைச் சில்லிலேயே பிடிக்கலாம். சில்லுக்கு மூன்றே நட்டுகள், முன்னால் ஒரே வைப்பர், 624 சிசி எஞ்சின் பின்னால். 2008 ஜனவரி 10ஆம் திகதி டெல்லிக் கண்காட்சியில் உலகமே பார்த்த கார் அது. இலங்கையில் டாக்சியாக ஓடிப் பழகியதால் நமக்கு அது ஓர் அபூர்வம் என்று தோன்றுவதில்லை. 2018இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்னும் இருபது வருடத்தில் நானோவைப் பார்த்து "இது என்ன வண்டி?" என்று கேட்கும் பிள்ளைகள் வருவார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு புதிர் பிறந்தது. பிரித்தானியக் கார் பிரியர் ஒருவருக்கு ஸ்டாண்டர்ட் 2000 காரின் படத்தைக் காட்டினால் ரோவர் எஸ்டி1 என்றுதான் சொல்வார். ஆனால் அது தரையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நிற்கும். சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் ரோவரின் உடம்பை வாங்கி, நம் ரோட்டுக் குழிகளுக்காக உயர்த்தி, உள்ளே தன்னிடமிருந்த பழைய வான்கார்ட் பரம்பரை எஞ்சினை வைத்தது. ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்வான வடிவத்துக்கு அந்த எஞ்சின் பொருந்தவில்லை. 1988இல் கதை முடிந்தது. அதே நிறுவனம் 1972இல் செய்த கெஸல் காரைப் பிரித்தானியர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ஹெரால்டின் வம்சம் என்றாலும் அந்த முகத்தோடு அங்கே எதுவும் விற்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் விற்பனைக்கு வந்த வண்டிகள். எங்கோ ஒரு பட்டியலில் பெயர் இருக்கும். கண்காட்சிக்காக மட்டும் ஒன்றோ இரண்டோ செய்யப்படும் கொன்செப்ட் கார்களின் கதை வேறு. இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது 1938இல் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் உருவாக்கிய பியூக் வை-ஜொப். மடங்கி மறையும் முகவிளக்கு அதில் இருந்தது. அதை அவரே தினமும் ஓட்டித் திரிந்தார். 1970இல் இத்தாலியின் பெர்டோனே காட்டிய ஸ்ட்ராட்டோஸ் ஜீரோவின் உயரம் 84 சென்ரிமீட்டர்தான். கதவு இல்லை. முன் கண்ணாடியைத் தூக்கி உள்ளே இறங்க வேண்டும். காவத்தைச் சந்தியில் அதை நிறுத்தினால் எதிரே வரும் பஸ் சாரதிக்குக் கண்ணில் படாது.

இத்தகைய கார்களைக் கண்காட்சி முடிந்ததும் அழித்துவிடுவது நிறுவனங்களின் வழக்கம். ஓடவிட்டால் விபத்து, வழக்கு என்று தலைவலி. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் 'மோட்டோராமா' என்ற பெயரில் ஊர் ஊராகக் காட்டிய கனவுக் கார்களில் சில, நொறுக்குவதற்காக மிச்சிகன் மாநிலத்தின் வார்ஹூப்ஸ் பழைய இரும்புக் கிடங்குக்குப் போயின. அங்கே முழுதாக நொறுக்கப்படவில்லை. 1955ஆம் ஆண்டின் லாசால் II கார்கள் இரண்டு, அதே ஆண்டின் செவர்லே பிஸ்கெய்ன், 1956இன் கடிலாக் எல்டொராடோ புரோம் டவுன் கார் ஆகிய நான்கும் முப்பது வருடம் அங்கேயே கிடந்தன. 1988இல் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் அவற்றை வாங்கினார். பிஸ்கெய்ன் துண்டு துண்டாக அறுக்கப்பட்டிருந்தது. கண்ணாடி இழையில் செய்த உடம்பு அது. துருப்பிடிக்காததால் துண்டுகள் மிஞ்சின. இப்படிப்பட்ட காருக்குப் பட்டறைக் கையேடு கிடையாது, கடையில் வாங்க உதிரிப்பாகமும் கிடையாது. கண்காட்சியில் எடுத்த பழைய படங்களை வைத்துத்தான் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று தேட வேண்டும். இன்று அந்தப் பிஸ்கெய்ன் மறுபடி முழுக் காராக நிற்கிறது. வாகன அடையாளம் காணும் கலையில் இதைவிடப் பெரிய சாதனை சொல்வது கடினம்.

எல்லாவற்றுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. இத்தாலியில் கைவேலையாகச் செய்த கிரைஸ்லர் நோர்ஸ்மன், 1956 ஜூலையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கப்பலின் பெயர் அன்றியா டோரியா. மோதலில் கப்பல் மூழ்கியது, ஒரேயொரு பிரதியாக இருந்த காரும் அத்லாந்திக்கின் அடியில் போனது. மிச்சம் படங்கள் மட்டும்.

இலங்கைக்கும் இந்த உலகத்தில் ஓர் இடம் உண்டு. ஹர்ஷ சுபசிங்கவின் கோட்ஜென் நிறுவனத்திலிருந்து பிறந்த வேகா இன்னோவேஷன்ஸ், ஈவிஎக்ஸ் என்ற மின்சார சூப்பர் காரை உருவாக்கியது. 2020 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அதைக் காட்டும் திட்டம் இருந்தது. கொரோனாவால் அந்தக் கண்காட்சியே ரத்தானது. படத்தை மட்டும் பார்க்கும் வெளிநாட்டவர் இத்தாலி என்றுதான் ஊகிப்பார்.

இப்போது இந்தக் கனவுக் கார்களின் படங்கள் கைபேசியில் தினமும் வந்து விழுகின்றன. "அடுத்த மாதம் விற்பனைக்கு வருகிறது, விலை இவ்வளவு" என்ற வாசகத்தோடு. பதறாமல் சில இடங்களைப் பார்க்கலாம். பக்கக் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கமரா, வைப்பரே இல்லாத முன் கண்ணாடி, மட்கார்டை முட்டும் பெரிய சில்லு, கைப்பிடி இல்லாத கதவு, இவை இருந்தால் பெரும்பாலும் கண்காட்சி மாதிரிதான். சிலவற்றுக்குள் எஞ்சினே இருக்காது. கணினி வரைந்த போலிப் படமா என்ற சந்தேகம் வந்தால் சில்லின் நட்டுகளை எண்ணுங்கள், பிறகு சின்னத்தில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படியுங்கள். முன் சில்லுக்கு ஐந்தும் பின் சில்லுக்கு ஆறரையும் போடும் தொழிற்சாலை எங்கும் இல்லை.

ரோட்டில் மட்டும்தான் அபூர்வ வண்டிகள் ஓடின என்று நினைக்க வேண்டாம். கொடகவெலக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் ரயில் வந்தது. களனிவெளிச் சிறுபாதை 1912இல் இரத்தினபுரியைத் தொட்டு, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. காவத்தையிலும் ஸ்டேசன் இருந்தது. அந்தச் சிறுபாதைக்காக 1920களின் கடைசியில் இங்கிலாந்தின் சென்டினல் நிறுவனம் நீராவி ரயில் கார்களைச் செய்து அனுப்பியது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரே பெட்டிக்குள் கொதிகலனும் பயணிகளும். அவிசாவளைக்கு அப்பால் உள்ள பாதை 1970களில் மூடப்பட்டது. அந்தச் சென்டினல்களில் ஒன்று திருத்தப்பட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. உலகெங்குமிருந்து ரயில் பிரியர்கள் அதைத் தேடி வருகிறார்கள், இரண்டு ரோட்டு பஸ்களை முதுகோடு முதுகாக இணைத்து மட்டக்களப்புப் பக்கம் ஓடவிட்ட ரயில் பஸ்ஸையும் தேடி வருவதைப் போல.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஐந்து வருடம் பழைய வண்டிகளைக் காப்பாற்றி வைத்தது. புதியது வரவர, கொட்டில்களில் கிடப்பவை வெளியே போகத் தொடங்கும். தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னால் கொழுந்து லொறியோ, ஜீப்போ, பழைய ட்ரெக்டரோ கிடந்தால் பழைய இரும்புக்காரரை அழைக்கும் முன் கைபேசியை எடுங்கள். செசி நம்பர், கண்ணாடி மூலை, முகவிளக்கின் எழுத்து, எஞ்சினில் வார்த்திருக்கும் எண், இந்த நான்கையும் படமெடுங்கள். அதை ஓட்டிய சாரதி உயிரோடு இருந்தால் எந்த எஞ்சின் எப்போது மாறியது என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். செசித் தகட்டை மட்டும் எந்த விலைக்கும் தனியே கழற்றி விற்காதீர்கள்.